தொடை எலும்பு ஒட்டும் வரை

தண்டவாளத்தில் பழுது பார்த்த இடத்தை முதல் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் கடக்க வேண்டும். அடுத்தடுத்த வண்டிகளுக்கு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஜல்லி இறுகி, தடம் படிந்த பிறகுதான் பழைய வேகம். அதுவரை அந்த இடத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். அதை எடுக்கச் சொல்லும் அதிகாரம், இடத்தை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே உண்டு. நேரமாகிறது என்று மேலே இருப்பவர் தொலைபேசியில் கத்துவது விதியில் சேராது.

நான் ரயில்வேயில் தடப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உடைந்த எலும்புக்கும் இதே விதிதான் என்பது, எங்கள் நாய் ஜூலியின் தொடையில் உலோகத் தகடு வைத்த அன்று எனக்கு விளங்கியது. விளங்காதவர்கள்: ஜூலி, என் மனைவி கோமதி, எங்கள் தெரு.

உங்கள் வீட்டிலும் ஒரு பிராணி அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தால், 'ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது' என்று எழுதிய சீட்டு ஒன்று உங்கள் கையில் இருக்கும். அதை நிறைவேற்ற எவ்வளவு அடிதடி தேவைப்படும் என்று அந்தச் சீட்டில் இருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னைக்கு மேற்கே அண்ணனூரில், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில். ஜூலி நாட்டு நாய், செம்பழுப்பு நிறம், நான்கு வயது. வீட்டுக்குள் சாது. தெருவில் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரு சக்கர வண்டிகளைத் துரத்துவாள். ஒரு நாள் காலை, நான்கு வீடு தள்ளியிருக்கும் துரையின் மகள் அவளுக்குப் பயந்து ஸ்கூட்டரோடு சாய்ந்தாள். முழங்கை கிழிந்து தையல் போட்டார்கள். அன்று மாலை துரை தன் தண்ணீர் லாரியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் வாசலில் இருந்தேன். எலும்பில் இரும்பு படும் சத்தம், காய்ந்த மரத்தில் படுவதுபோல் இருந்தது. ஜூலி உடனே கத்தவில்லை. எழுந்து வீட்டை நோக்கி ஓட முயன்றாள். வலது பின்னங்கால் உடம்போடு வராமல் தனியாக இழுபட்டது. அதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் கத்தினாள். துரை இரண்டாம் முறை ஓங்கியபோது நான் நடுவில் போய் விழுந்தேன். ராடு என் தோளை உரசிக்கொண்டு கேட்டில் இறங்கியது.

"அட்ச்சி சாவடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு நிதானமாக லாரிக்குத் திரும்பினார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன், ரசீது வாங்கினேன். பிராணிகளை வதைப்பது குற்றம். வளர்ப்பு நாயைத் தெருவில் அவிழ்த்துவிட்டு அடுத்தவர் முழங்கையைக் கிழிப்பதும் குற்றம் என்று அங்கிருந்தவர் நினைவூட்டினார். புகார் அந்த இடத்திலேயே நிற்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் பிராணி மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். சிதைவு முறிவு (எலும்பு இரண்டுக்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்குவது) என்றார்கள். வெளியூரிலிருந்து வந்து போகும் எலும்பு அறுவை நிபுணர் ஒருவர் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார். முடித்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, நான் எந்தத் துறையில் இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவர் பேசியது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"தகடு எலும்பைக் காப்பாத்தாது சார். எலும்பு ஒட்டற வரைக்கும் டைம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான். நாய் ஓடினா இரும்பு களைச்சுப் போய் வளைஞ்சிடும். இன்னொரு தகடு வைக்க அங்க எலும்பு மிச்சம் இல்ல."

"வளைந்தால்?"

"கால எடுக்க வேண்டி வரும். சாதாரணமா மூணு கால்ல நாய்ங்க நல்லாவே ஓடும். ஆனா இவளுக்கு இன்னொரு பக்கம் இடுப்பு மூட்டு பிறவியிலேயே சரியா அமையல. அந்த ஒரு கால் மட்டும் இவளத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

தாங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கோமதி கேட்டாள். அவர் சீட்டு எழுதத் தொடங்கினார்: ஆறு முதல் எட்டு வாரம் கூண்டு ஓய்வு.

கூண்டு என்றால் இரக்கம் வரும். எனக்கும் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். சேர்ந்தாற்போல் இரண்டு அடி வைக்க இடம் இருக்கக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே தலை நுழையக் கூடாது என்று அளவு சொன்னேன்.

"இன்னா சார், புலி கிலி வளக்கறியா?" என்றார் கடைக்காரர்.

நாய்க்கு என்றேன்.

"நாய்க்கா? எங்கூட்ல எனுக்கே இம்மாம் எடம் கெடியாது சார்."

முதல் இரண்டு நாள் ஜூலி கூண்டில் சாதுவாகப் படுத்திருந்தாள். மருந்தின் மயக்கத்தை நான் ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வலி குறைந்தது. வலி குறைந்த அன்று போர் தொடங்கியது. இந்த இடத்தை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பிராணி முனகும்போது அவ்வளவு ஆபத்தில்லை. வாலை ஆட்டத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

அவள் கம்பியைக் கடித்தாள். மேல் கோரைப்பல் ஒன்று பாதியில் முறிந்து, கூண்டின் தரைத்தகட்டில் சோளமணிபோலக் கிடந்தது. அதன் பிறகும் ஈறிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுகக் கடித்தாள். கதவை நெற்றியால் முட்டினாள். தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் உறுமினால் போதும், மொத்த உடம்பையும் தூக்கிக் கம்பியில் எறிவாள். ஒவ்வொரு மோதலுக்கும் நான் தொடைக்குள் இருக்கும் திருகாணிகளை நினைத்துக்கொண்டேன்.

சிறுநீர் கழிக்க வெளியே எடுக்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்க வேண்டும். துண்டு கோமதியிடம், கழுத்துப் பட்டை என்னிடம். ஒரு நாள் மதில் மேல் அணில் ஓடியது. ஜூலி துள்ளினாள். நான் அவளைத் தரையில் சாய்த்து, கழுத்தின்மேல் முழங்கையை ஊன்றி, நாக்கு வெளியே வரும்வரை அழுத்தினேன். அவள் கண்ணின் வெள்ளை தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், துரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் கண்டிருப்பார்கள்? என்னிடம் ராடு இல்லை.

"அவளக் காப்பாத்துறீங்களா, பழி வாங்குறீங்களா?" என்றாள் கோமதி.

விதிமுறை என்றேன்.

"கேங்மேன்களையும் இப்பிடித்தான் மேச்சீங்களா? அதான் ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்கு ஒருத்தரும் வரல."

அன்று சண்டை முற்றி அவள் வீசிய எவர்சில்வர் டம்ளர் என் புருவத்தைப் பிளந்தது. டம்ளரில் காபி இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நோயாளியை வைத்திருக்கும் வீட்டில், நோயாளியை அடிக்க முடியாத கோபமெல்லாம் அடுத்தவர்மேல் போகும். உங்கள் வீட்டிலும் போகும். தெரிந்துகொண்டால் புருவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

பயன்பட்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தயிர்சாதத்தை எவர்சில்வர் கிண்ணத்தில் அழுத்தி, ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் வெகுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் குளிக்கலாம். கூண்டின் தெருப் பக்கத்தைப் போர்வையால் மூடுங்கள். ஓட்டம் நின்றுவிட்டதால் சோற்றையும் குறைக்க வேண்டும். எடை கூடினால் அதைத் தாங்கப்போவது அந்தத் தகடுதான். நமக்கு வாங்கிவைத்திருக்கும் வலி மாத்திரையைப் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷம். வாய்ப்பூட்டு போடலாம், ஆனால் மூச்சிரைக்கும்போது கூடாது, திணறிவிடும். பதற்றம் தணிக்க டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பிராணி மருத்துவமனையில் அன்றாடம் இருப்பவர் அவர், இளவயதுப் பெண். மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், முன்கூட்டியே கொடுங்கள் என்று இரண்டு முறை சொல்லியிருந்தார்.

மெல்ல மெல்ல ஜூலி கூண்டுக்குப் பழகினாள். தீபாவளி முடிந்த பிறகு நடந்த அறுவை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இந்த ஊரில் வெடிக்குத் தீபாவளி தேவையில்லை என்பது நினைவில் இல்லை.

துரையின் அப்பா இறந்துபோனார்.

அவர்கள் இங்கே பழைய விவசாயக் குடும்பம். எங்கள் வீடு நிற்கும் மனையை எனக்கு விற்றவரே அந்தப் பெரியவர்தான். காலையிலேயே பந்தல் போட்டார்கள். பறை வந்தது. ஒரு வேனிலிருந்து பெட்டி பெட்டியாக வெடிச்சரம் இறங்கியது. பிணம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வேறு வழி கிடையாது.

இந்த மாதிரி நிலைமையில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுத்து மூலம் வேண்டுகோள். உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வீட்டின் முகப்பைக் கடக்கும்போது மட்டும் வெடி தவிர்க்கும்படி, காரணத்துடன், பணிவான நடையில். அடித்துத் திருத்தி, நல்ல கையெழுத்தில் மறுபடி எழுதி, நகல் ஒன்று எடுத்து உறையில் போட்டுக்கொண்டு போனேன்.

துரை ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்கள். சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் கையில் மாலை இருக்க வேண்டும். என் கையில் உறை இருந்தது.

"மால எங்க சார்?" என்றார் துரை. குரலை உயர்த்தவில்லை.

நான் உறையை நீட்டினேன். பிரித்தார். இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், இரண்டிலும் ஒன்றே எழுதியிருக்கிறது என்று புரியும்வரை.

"எயவு ஊட்டுக்கு மனு எடுத்துகினு வந்துகீறாரு பாரு" என்றார் துரையின் மைத்துனர், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. யாரோ சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

"உன் நாய்க்குக் கால் ஒடஞ்சிது. எனுக்கு அப்பன் பூட்டான். ரெண்டும் ஒண்ணாய்யா?"

ஒன்றில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைத்துனர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கண்ணாடி விழுந்து யாருடைய காலுக்கடியிலோ நொறுங்கியது. பின்னந்தலையில் ஓர் அறை. யார் அடித்தது என்று தெரியவில்லை, கண்ணாடி இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. துரை அவர்களை விலக்கினார். தாள்களை நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகி, பையின்மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். நெஞ்செலும்பு அதிர்ந்தது.

"போ சார். பெரியவரு கெளம்பற நேரம்."

வீட்டுக்கு வந்து மாத்திரையைச் சோற்றில் பொதிந்து கொடுத்தேன். பறை ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது.

மற்ற வீடுகளை ஊர்வலம் கடந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. சரத்தை எங்கள் மதிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரித்தார்கள். ஜன்னல் வழியாகக் கோமதி பார்த்துச் சொன்னாள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் புகைதான் தெரிந்தது.

முதல் வெடியில் ஜூலி கூண்டின் கூரையில் மோதி விழுந்தாள். அடுத்ததில் கதவில். தாழ்ப்பாள் வளைந்தது. காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைவெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. நான்கு காலாலும் உதைத்தாள், தையல் போட்ட தொடையால் கம்பியை அறைந்தாள். நான் கதவைத் திறந்து இடுப்புவரை உள்ளே புகுந்து அவள்மேல் படுத்தேன். நாயின் விலா என் விலாவில் அடித்துக்கொண்டது. அவள் என் வலது முன்கையைக் கவ்வினாள். அது எச்சரிக்கைக் கடி இல்லை. பல் தசையைத் தாண்டி இறங்கி எலும்பில் உரசியது. முறிந்த பல்லின் விளிம்பு, முழுப் பல்லைவிட மோசமாகக் கிழிக்கும். கையை இழுத்தால் அவள் எழுந்துவிடுவாள். அதனால் இன்னும் உள்ளே கொடுத்தேன்.

கோமதி பக்கவாட்டுக் கம்பிகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டு அந்தப் பின்னங்காலை, குழந்தையின் காலைப் பிடிப்பதுபோல் இல்லை, குற்றவாளியைப் பிடிப்பதுபோல், அமுக்கிப் பிடித்தாள்.

"விடாதீங்க" என்றாள். "செத்தாலும் விடாதீங்க."

சரம் வெடித்து முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. என் வேலைக்காலம் முழுவதும் நிமிடக் கணக்கில் வாழ்ந்தவன் நான்; அந்த நேரத்துக்கு என்னிடம் கணக்கில்லை. பறை தள்ளிப் போன பிறகும் ஜூலியின் தாடை திறக்கவில்லை. கடித்திருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. கோமதி கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினாள்.

அரசு மருத்துவமனையில் காயத்தைச் சோப்புத் தண்ணீரால் வெகுநேரம் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், தைக்கவில்லை. நாய்க்கடியைப் பொதுவாக உடனே தைத்து மூடுவதில்லை, கிருமி உள்ளே தங்கிவிடும். தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்) ஒன்று பாதி அறுந்திருந்தது. கையை அசைக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தெரு நாயா, வளர்ப்பு நாயா என்று நர்ஸ் கேட்டார். வளர்ப்பு என்றேன். ஓடிவிட்டதா என்று கேட்டார். அதைத் தடுக்கப்போய்த்தான் இது என்றேன்.

வெளியே வந்ததும் கோமதி சொன்னாள்: "அந்த லெட்டர எழுதின நேரத்துல மாத்திரையக் குடுத்திருக்கலாம்."

நகல் எடுத்த நேரத்தையும் சேர்த்திருக்கலாம். அவள் சேர்க்கவில்லை.

மறுநாள் அவள் தனியாகத் துரை வீட்டுக்குப் போனாள். கையிலும் கன்னத்திலும் கம்பி கிழித்த கோடுகளோடு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பி வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

ஜூலிக்குப் படம் எடுத்தார்கள். தகடு வளைந்திருந்தது. பெரிய வளைவில்லை, ஆனால் தடத்தில் இருந்திருந்தால் வண்டியை நிறுத்தியிருக்கும் அளவுக்கு. ஒரு திருகாணி நெகிழ்ந்திருந்தது. காலை எடுப்பதா, காத்திருப்பதா என்று அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்த நிபுணரோ பயிற்சி ஒன்றுக்காக வெளிநாடு போயிருந்தார். படத்தை அனுப்பினோம். அவரிடமிருந்து டாக்டரம்மாவுக்கு ஒரே வரி வந்தது: கூண்டில் வைத்திருங்கள், ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அந்த மாதத்தை எப்படிக் கடந்தோம் என்று கேட்டால், இப்போது கூண்டில் இருவர் இருந்தோம். கோமதி காவல். நான் இடக்கையால் ஜூலியின் கிண்ணத்தைத் தூக்கப் போனாலும் அதட்டல் வந்தது. வலக்கையால் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டு, ஒரு நாள் கையை, அதைத் தாங்கக் கழுத்தில் மாட்டியிருந்த துணியோடு சேர்த்துக் கட்டியே விட்டாள். சும்மா இருப்பது என்பது உடம்புக்கு எதிரான வன்முறை என்று அப்போது தெரிந்தது. வலி கேட்காதபோதுகூட அசையாமலிருக்க வேண்டும். அசைந்தால் என்ன ஆகும் என்று உடம்பு உங்களிடம் சொல்லாது. ஜூலி கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சேர்ந்து கொட்டாவி விட்டோம்.

என் நடுவிரல் முழுதாக மடங்குவதில்லை, இனி மடங்காது. மொட்டைத் தலையோடு துரை லாரியில் கடந்து போவார். எங்கள் வீட்டருகே வேகம் குறைகிறதா என்று முதலில் கவனித்தேன். குறையவில்லை, கூடவுமில்லை. பேசுவதில்லை.

இரண்டாவது படத்தை எடுத்து அனுப்பினோம். பார்த்தால் ஒட்டியதுபோல்தான் இருக்கிறது, நடக்கவிட்டுப் பார்க்கலாமே என்றார் டாக்டரம்மா. கோமதியும் தலையாட்டினாள். கையெழுத்திட்டவர் சொல்லாமல் முடியாது என்றேன். இம்முறை டம்ளர் வரவில்லை. சரி என்றாள். காலையில் கைப்பேசியைப் பார்ப்பேன், மாலையில் பார்ப்பேன். நடுவில் உள்ள நேரத்தைக் கடிகாரம் அளக்கவில்லை. கம்பிக்குள் விரலை விட்டு, முடி முளைத்த தொடையின் மேட்டைத் தடவினால் அது தெரியும். அந்த மேடு நேற்றைவிட இன்று கொஞ்சம் கெட்டி. அல்லது அப்படி நினைத்துக்கொள்வேன். வளைந்த தகட்டைச் சுற்றி, யாரும் உத்தரவு போடாமலே, ஏதோ ஒன்று தன் வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததா என்று சொல்ல மட்டும் ஆளில்லை.

'வளைவு கூடவில்லை. புது எலும்பு நன்றாகப் பாலம் கட்டியிருக்கிறது. கால் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். எடுக்க வேண்டாம். கயிற்றில் பிடித்து, ஆள் நடக்கும் வேகத்தில் நடத்தத் தொடங்குங்கள்' என்று அறுவை செய்தவர் கடைசியில் எழுதியிருந்தார். கோமதியிடம் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடிப்பதற்குள் கூண்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்.